ஐரிஷ் கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் மூதாதையரைத் தேட முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மா வழியில் நீங்கள் சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1850களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் வந்தவர். பெயர் ரயன், கத்தோலிக்கர், சொந்த ஊர் அயர்லாந்தில் டிப்பரரி. வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான். வரும் கோடையில் அயர்லாந்து போகிறீர்கள். அங்குள்ள பழைய கல்லறைத் தோட்டங்களில் தேடினால் அவருடைய ஆட்கள் கிடைப்பார்களா?

கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தச் சிப்பாய்த் தாத்தா அங்கே இருக்க மாட்டார், அவர் இங்கேதான் புதைக்கப்பட்டிருப்பார். அங்கே நீங்கள் தேட வேண்டியது அவருடைய அப்பா, அம்மா, ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகள். ஐரிஷ் கிராமத்துக் கல்லறைகளைப் பதிவு செய்யும் தன்னார்வலர்களோடு சுற்றியவன் என்ற முறையில் முதலில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஊர் தெரியாமல் கல்லறைக்குப் போகாதீர்கள். டிப்பரரியில் ரயன்தான் மிகப் பரவலான குடும்பப் பெயர். எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் ரயன் கல் கண்ணில் படும். ஜான் ரயன், பாட்ரிக் ரயன் என்று உங்களுக்கு வேண்டிய முதற்பெயரும் சேர்ந்தே கிடைக்கும். அதுதான் ஆபத்து. வேறு யாருடைய தாத்தாவையோ உங்கள் தாத்தா என்று நம்பிப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவீர்கள்.

இத்தனை சிரமப்பட்டுக் கல்லறையை நாடுவதற்குக் காரணம், அயர்லாந்தின் காகிதங்களுக்கு நேர்ந்த கதி. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர மற்றதெல்லாம் சாம்பலாயின. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசாங்கமே முன்பே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழுக்குப் போயின. நாடு முழுவதற்கும் மிஞ்சியிருப்பதில் மிகப் பழையது 1901. பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் எல்லா மதத்தாருக்கும் அரசு பதியத் தொடங்கியது 1864 ஜனவரியில்தான். கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோயிலின் கீழ் வரும் ஊர்ப்பகுதிகளில், ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் எழுதி வைத்தார்கள், அடக்கத்தைப் பெரும்பாலும் எழுதவில்லை. ஆக, 1849இல் இறந்த ஒரு கத்தோலிக்கக் குடியானவர் எப்போது, எத்தனை வயதில் இறந்தார் என்பதற்கு அவர் தலைமாட்டுக் கல் மட்டுமே சான்றாக இருப்பது அங்கே சாதாரணம். 1864க்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் பெயர் இருக்காது. கல்லில் பல சமயம் இருக்கும்.

சரி, ஊரை எப்படிப் பிடிப்பது? உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, தாத்தா பட்டாளத்துக்காரர். கம்பெனி ஆள் எடுத்தபோது வயது, தொழில், பிறந்த இடம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தது. அந்தப் பதிவேடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. மெட்ராஸ் மாகாணத்துத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்க நகல்களும் அங்கேயே. எந்த ரெஜிமென்ட் என்றும் பாருங்கள். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்று இருந்தால், அது 1862இல் அரசியின் படையில் 102ஆவது ரெஜிமென்டாகி, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியனானது. 1858க்குப் பிறகும் சேவையில் தொடர்ந்து ஓய்வூதியத்தோடு வெளியேறியவர் என்றால், லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டாள விடுவிப்புத் தாள்களிலும் பிறந்த பங்கின் பெயர் கிடைக்கலாம்.

பங்கின் பெயர் கிடைத்ததும் அடுத்தது டவுன்லேண்ட். நம் வருவாய்க் கிராமத்தைவிடப் பல மடங்கு சிறிய நிலப் பிரிவு அது, சிலவற்றில் நாலைந்து வீடுகள்தான் இருக்கும். அயர்லாந்து முழுக்க 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு. ஐரிஷ்காரர்களுக்குச் சொந்த ஊர் என்றால் இதுதான், கல்லறைக் கல்லில் பெயருக்குப் பக்கத்தில் வெட்டியிருப்பதும் இதைத்தான். டப்ளின் தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை, பெரும்பாலும் 1880 வரை, படமெடுத்து 2015 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பல பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். ஜான் என்பது யோவான்னஸ் என்றும், பிரிஜெட் என்பது பிரிகிடா என்றும் எழுதியிருப்பார்கள். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மாமன், அத்தை, சித்தி என்று நெருங்கிய சொந்தமாகத்தான் இருப்பார்கள்.

பிறகு நிலக் கணக்கு. நிலம் வைத்திருந்தவர்கள் திருச்சபைக்குக் கட்ட வேண்டிய வரிக்காக 1823 முதல் 1837 வரை தயாரித்த தசமபாகப் பதிவேடுகளும், ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை வெளியான நில மதிப்பீடும் எரிந்துபோன கணக்கெடுப்புகளின் இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. கிரிஃபித் பதிவில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஓர் எண் உண்டு, அதே எண் வரைபடத்திலும் இருக்கும், ஆகவே வீடு இருந்த நிலத்தையே தொட்டுக் காட்டிவிடலாம். ஒரே டவுன்லேண்டில் இரண்டு பாட்ரிக் ரயன்கள் இருந்தால் பிரித்துக் காட்ட அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ சேர்த்திருப்பார்கள். 'பாட்ரிக் ரயன், ஜானின் மகன்' என்ற அர்த்தத்தில் வரும் அந்தச் சின்னக் குறிப்பு உங்களைப் போன்றவர்களுக்குத் தங்கம்.

டவுன்லேண்ட் கையில் வந்த பிறகு எந்தக் கல்லறைத் தோட்டம் என்ற கேள்வி. பலர் இன்றைய கத்தோலிக்கக் கோயிலின் வளாகத்துக்குப் போய்த் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். நாட்டுப்புறக் கத்தோலிக்கக் கோயில்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் கட்டியவை. அதற்கு முந்தைய இரு நூற்றாண்டுகளில் தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கரை ஒடுக்கியிருந்தன. பழைய பங்குக் கோயில்களும் அவற்றின் வளாகங்களும் ஆங்கிலேய அரசின் ஆதரவு பெற்ற புராட்டஸ்டன்ட் அயர்லாந்து திருச்சபையின் கையில் இருந்தன. ஆனாலும் மக்கள் தங்கள் பாட்டன் பூட்டன் கிடக்கும் மண்ணை விடவில்லை. கூரை இடிந்துபோன இடைக்காலக் கோயிலைச் சுற்றி, சில இடங்களில் அதன் சுவர்களுக்கு உள்ளேயே, கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்களும் பக்கத்துப் பக்கத்தில் புதைக்கப்பட்டார்கள். டிப்பரரியின் கேஷல் பாறை மேல் இருக்கும் இடிந்த பேராலயத்தைச் சுற்றி நிற்கும் கல்லறைகளைப் பார்த்தாலே இது புரியும். நீங்கள் தேட வேண்டியதும் அப்படி ஓர் இடிபாட்டைத்தான், வயலுக்கு நடுவே, வட்டமாக ஒரு கல்மதில், உள்ளே ஐவி படர்ந்த ஒரு சுவர். 1829 முதல் 1842 வரை ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறை மைலுக்கு 6 அங்குல அளவில் எடுத்த வரைபடத்தில் இவை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. அரசின் தொல்சின்ன வரைபடத்திலும் இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் டவுன்லேண்டைச் சுற்றி ஏழெட்டு மைல் வட்டத்தில் உள்ள பழைய தோட்டங்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பம் வேறு பங்குக்குக் குடிபெயர்ந்தாலும், இறந்தவரைப் பழைய குடும்பக் குழிக்கே தூக்கிக்கொண்டு போவது அங்கே வழக்கம்.

இப்போது கல். உதாரணத்துக்கு இப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'இக்கல்லை நட்டவர் பாட்ரிக் ரயன். தம் தந்தை ஜான் ரயன், 1849 மார்ச் 12இல் 60 வயதில் மரித்தவர், அவர் நினைவாக. தம் தாய் ஹனோரா ரயன், அலையஸ் ட்வயர், 1861இல் 66 வயதில் மரித்தவர், அவர் நினைவாகவும்.' புதிதாகப் பார்ப்பவர்கள் இறந்தவர் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது கல்லை நட்டவர் பெயரை. அவர்தான் உயிரோடு இருந்தவர், நிலம் வைத்திருந்தவர், ஆகவே காகிதத்தில் அகப்படுபவர். அப்பா 1849இல் போய்விட்டார் என்றால், 1850களின் கிரிஃபித் பதிவில் அந்த வீட்டுக்கு நேராக ஜான் பெயர் இருக்கக் கூடாது, பாட்ரிக் பெயரோ விதவை ஹனோரா பெயரோ இருக்க வேண்டும். 1830 வாக்கிலான தசமபாகப் பதிவில் ஜான் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது.

'அலையஸ்' என்று வருவதைப் பார்த்து மிரள வேண்டாம். பழைய ஐரிஷ் கற்களில் அது பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரைக் குறிக்கும். ரயன்கள் ஆயிரம் இருக்கலாம், ஆனால் ஜான் ரயனும் ஹனோரா ட்வயரும் தம்பதியாக இருந்த வீடுகள் ஒரு பங்கில் ஒன்றோ இரண்டோதான். உங்கள் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவில் அப்பா யோவான்னஸ் ரயன், அம்மா ஹனோரா ட்வயர் என்று இருந்தால், அந்தக் கல்லின் முன் மண்டியிட்டு மெழுகுவர்த்தி ஏற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஹனோரா என்ற பெயர் நோரா, ஹன்னா, ஓனர் என்று பல உருவில் வரும், அதையும் மனத்தில் வையுங்கள். ரயன் என்பதே முல்ரயன் என்று நீண்டிருக்கலாம்.

சென்னையில் இருந்தபடியே இதைச் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஐரிஷ் குடும்பங்களில் பெயர் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நமக்கு இதைச் சொல்லி விளங்க வைக்கவே வேண்டாம். மெட்ராஸில் சிப்பாய்த் தாத்தாவுக்குப் பிறந்த மூத்த பையன் ஜான், இரண்டாவது பெண் நோரா என்று இருந்தால் அந்தக் கல் உங்களுடையது என்ற நம்பிக்கை வலுக்கும். எல்லோரும் கடைப்பிடித்த சட்டம் அல்ல இது, தனிச் சான்றாக நிற்காது. மற்றவற்றோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

கல்லில் உள்ள வயதை அப்படியே நம்பாதீர்கள். 60, 70, 80 என்று முடியும் வயதுகள் குத்துமதிப்புதான். பிறந்த தேதி தெரியாத தலைமுறை அது. 1908 சட்டப்படி 70 வயதானவர்களுக்கு 1909 ஜனவரி முதல் ஓய்வூதியம் வந்தபோது, 1901 கணக்கெடுப்பில் 56 என்று சொன்னவர்கள் 1911இல் 70ஐத் தாண்டியிருந்தார்கள். அந்த ஓய்வூதியத்தால் நமக்கு ஒரு பெரிய நன்மை விளைந்தது. பிறப்புச் சான்று இல்லாதவர்கள், 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் எங்கள் வீட்டைப் பாருங்கள் என்று விண்ணப்பித்தார்கள். பெற்றோர் பெயர், டவுன்லேண்ட் எல்லாம் எழுதிய அந்த விண்ணப்பங்களும், அப்போது தேடிக் கண்டதைக் குறித்த தாள்களும் 1922க்குப் பிறகும் பிழைத்திருக்கின்றன. உங்கள் தாத்தாவின் தம்பியோ தங்கையோ 1909 வரை ஊரில் வாழ்ந்திருந்தால், எரிந்துபோன கணக்கெடுப்பில் இருந்த அவர்கள் வீடு அங்கே அகப்படலாம். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடுங்கள்.

ஒரு கல்லை மட்டும் படமெடுத்துவிட்டு நகராதீர்கள். இடது, வலது, முன், பின் என்று சுற்றியுள்ள கற்களையும் எடுங்கள், அவை எப்படி நிற்கின்றன என்று ஒரு தாளில் வரையுங்கள். சொந்தக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பார்கள். ரயன் கல்லுக்கு அடுத்தே ட்வயர் கல் நின்றால் அது தற்செயல் அல்ல. நட்ட தேதியும் இறந்த தேதியும் வெகு தூரம் விலகியிருக்கலாம். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அப்பா செத்தபோது கல் வைக்கக் காசு இல்லாமல், இருபது முப்பது வருடம் கழித்து நியூயார்க்கிலிருந்தோ பாஸ்டனிலிருந்தோ பணம் வந்து நட்ட கற்கள் ஏராளம். அப்படிப்பட்ட கல்லில் அனுப்பியவர் இருந்த ஊரும் சில சமயம் வெட்டியிருக்கும்.

எழுத்து தேய்ந்திருந்தால் வெளிச்சம்தான் மருந்து. பழைய கல்லறைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கிடப்பதால், கல்லின் எழுத்து முகம் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். வெயில் நேராக விழுந்தால் எழுத்து மறைந்துபோகும், முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழ வேண்டும். அயர்லாந்தில் கோடைக் கடிகாரப்படி சூரியன் நேர் தெற்கே வருவது பகல் ஒன்றரை மணி வாக்கில். கிழக்கு பார்த்த கல்லை அதற்குச் சற்று முன்பும், மேற்கு பார்த்ததைச் சற்றுப் பின்பும் பாருங்கள். காலையில் வெறும் பலகையாக நின்ற கல்லில் வரிவரியாக எழுத்து எழுந்து வரும். மேகம் மூடிய நாளில் இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்தாலும் இதே பலன். 1ஐயும் 7ஐயும், 3ஐயும் 8ஐயும் மட்டும் இரண்டு கோணங்களில் படமெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், சாக்கட்டி, மாவு, ஷேவிங் நுரை, பிளீச் எதுவும் வேண்டாம். பாசியைப் பெயர்த்தால் அதோடு கல்லின் தோலும் பெயரும், எழுத்து நிரந்தரமாகப் போகும். ஐவிக் கொடியை இழுத்தால் மதிலே சரியலாம். விழுந்து கிடக்கும் கல்லைப் புரட்டுவதும் கூடாது. இந்தத் தோட்டங்களில் பல தேசியத் தொல்சின்னச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வழி யாருடைய வயலிலாவது போனால் விவசாயியிடம் கேட்டுவிட்டுப் போங்கள், திறந்த கேட்டை மறக்காமல் சாத்துங்கள். கோடையில் காஞ்சொறி இடுப்பளவு வளர்ந்திருக்கும், முழுக்கால் பேன்ட்டும் பூட்ஸும் அவசியம். புல்லுக்கடியில் அமிழ்ந்த குழிகள் இருக்கும், ஒவ்வோர் அடியாக வைத்து நடங்கள்.

கல்லே இல்லாமலும் போகலாம், அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851இல் 65.5 லட்சமாகச் சரிந்தது. உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். கார்க் கவுண்டியில் ஸ்கிபரீன் அருகே அபிஸ்ட்ரூரி கல்லறைத் தோட்டத்துப் பள்ளங்களில் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் வரை பெயரின்றிக் கிடக்கிறார்கள். பையன் பட்டாளத்தில் சேரப் போன வீடு வசதியான வீடாக இருந்திருக்காது. ஏழைகளின் தலைமாட்டில் வயலில் பொறுக்கிய ஒரு கல், எழுத்தில்லாமல், முழங்கால் உயரத்துக்கு நட்டிருக்கும். பார்ப்பவர்கள் இடிபாட்டுக் கல் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். வரிசையாக நின்றால் அவை கல்லறைகள், மிதிக்காதீர்கள். ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைகளைத் திருச்சபை புனித மண்ணில் அனுமதிக்கவில்லை. அவர்களுக்கென்று கில்லீன் எனப்படும் தனி இடங்கள், பாழடைந்த வட்டக் கோட்டைகளிலும் கடற்கரையிலும், ஆயிரத்துக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. உங்கள் குடும்பத்திலும் அப்படிப் போன பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பதிவேடும் பேசாது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எழுத்தில்லாத கல் யாருடையது என்று தெரிந்தவர்கள் மனிதர்கள்தான். அந்த ஊரில் அடக்க ஏற்பாடு செய்யும் குடும்பத் தொழில்காரர்களைப் பாருங்கள். எந்தக் குழியைத் திறக்க எந்த வீட்டுக்கு உரிமை என்பது அவர்களுக்கு மனப்பாடம். உங்கள் பயணத் தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால், அந்தப் பங்கின் கல்லறை ஞாயிறு என்று கேட்டு அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் எப்படியோ, அப்படி அங்கே கோடையில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு ஞாயிறு. முந்தைய வாரமே புல் வெட்டிச் சுத்தம் செய்துவிடுவார்கள். டப்ளினிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள், பங்குத்தந்தை திருப்பலி முடித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே போவார், ஒவ்வொரு குடும்பமும் தன் குழியருகே நிற்கும். ரயன் குழிகள் எவை, அவற்றின் அருகே இன்று நிற்பவர்கள் யார் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். உங்கள் குடும்பக் கதையை ஒரே ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். கிழவர்கள் அதை வாங்கிப் படிப்பார்கள், அந்த வீட்டுப் பையன் ஒருவன் இந்தியாவுக்குப் போனான் என்று யாராவது சொல்லவும் கூடும்.

கிளம்பும் முன் இன்னும் இரண்டு இடங்களில் தேடிவிடுங்கள். கல்லறை நினைவுச் சின்னங்களைக் காப்பதற்காக அயர்லாந்தில் இயங்கிய சங்கம் ஒன்று 1888 முதல் 1934 வரை கல்லெழுத்துகளை எடுத்து அச்சிட்டது, இன்று தேய்ந்துபோன சில கற்களின் வாசகம் அதில் மட்டும்தான் இருக்கிறது. ஹிஸ்டாரிக் கிரேவ்ஸ் என்ற இணையத் திட்டத்தில் ஊர்க்காரர்களே தங்கள் கல்லறைத் தோட்டங்களைக் கல் கல்லாகப் படமெடுத்து ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் தோட்டம் அதில் இல்லை என்றால், நீங்கள் எடுக்கும் படங்களை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். சிப்பாய்த் தாத்தாவின் மெட்ராஸ் கல்லறை எங்கே என்று தெரிந்தால் அதன் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள், அவர் என்ன ஆனார் என்பது அந்த ஊருக்கும் தெரியாது.